கனம் குந்தியிருக்கும் இடம்

முதன்முதலில் நான் அவளைப் பார்த்தபோது, பல்கலைக்கழக கேன்டீனின் சாம்பார்க் கரண்டி அவளுடைய இடதுகை ஆள்காட்டி விரலின் மேல் குறுக்காகப் படுத்திருந்தது. பின்னால் வரிசை நின்றது. பரிமாறுகிற அண்ணன் கையை நீட்டிக்கொண்டு, "அம்மா, கரண்டி இய்யம்மா, லைன் சூடு" என்று, கரண்டியைக் கொடு, வரிசையைப் பார் என்று, தெலுங்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் கரண்டியை விரலில் ஒரு பக்கமாகத் தள்ளினாள். பிறகு இன்னொரு பக்கமாகத் தள்ளினாள். கடைசியில் கிண்ணத்துக்கு ரொம்பப் பக்கத்தில் ஓர் இடத்தில் கரண்டி ஆடாமல் நின்றது.

"பாருங்கண்ணா, கனம் பூரா முன்னாடி குந்தினு கீது. சாயங்காலம் ஆனா மணிக்கட்டு வலிக்குமே?"

அவர் தெலுங்கை விட்டுத் தமிழுக்கு வந்தார். "வலிக்குதும்மா. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

அடுத்த வாரம் அந்தக் கரண்டியின் காம்பு நுனியில் இரண்டு போல்ட்டுகளும், அவற்றைச் சுற்றி சைக்கிள் ட்யூபில் கிழித்த ரப்பரும் இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. அதன்பின் அவள் படிப்பு முடிகிறவரை அவள் தட்டில் மட்டும் ஓர் அப்பளம் கூடுதலாக விழுந்தது.

பெயர் எழுதவில்லை. எழுதினால் சித்தூரில் அவள் சர்ச் சபையில் பாதிப் பேர் போன் செய்து விசாரிப்பார்கள். எனக்கு ஒரு வருடம் மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். திருப்பதியில் படித்த காலத்தில் நாங்கள் இருவரும் வாள்வீச்சு அணியில் இருந்தோம். இருவருக்கும் ஒரே வகைக் கத்தி, சேபர்.

சேபரைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. மெல்லிய நீண்ட அலகு, விரல் முட்டிகளை மூடுகிற வளைந்த தகடு, பிடி, பிடியின் கடைசியில் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் குமிழ். அவ்வளவுதான். மொத்த எடை ஐந்நூறு கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எடை வேறு, நிதானம் வேறு. தகட்டுக்குச் சற்று முன்னால் விரலை வைத்தால் கத்தி தராசுக்கோல்போல நிற்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் முன்னால் தள்ளிப் போனால் முனை கனக்கும். வெட்டு தானாக விழும், திரும்ப எடுப்பதற்குள் எதிராளி நம்மை வெட்டிவிடுவார். அந்த இடம் பின்னால் வந்தால் கத்தி கையில் துள்ளும், நினைத்த பக்கம் திரும்பும். கடைசிக் குமிழை மாற்றியும், பிடிக்குள் ஏதாவது சேர்த்தும் எடுத்தும் அந்த இடத்தை நகர்த்தலாம். அக்காவின் வாழ்க்கையே அந்த நகர்த்தல்தான்.

"கனம் எங்க குந்தினு கீது, அத மொதல்ல பாரு" என்பாள். கத்திக்கு மட்டுமல்ல. பஸ்ஸில் என் பையைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்வாள். என் தண்ணீர் பாட்டிலைப் பையின் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றிய பிறகுதான் வேறு பேச்சுப் பேசுவாள். கோச் சாரின் விசில் கயிறு, விடுதி வார்டனின் மூக்குக் கண்ணாடி, ஹாலில் இருந்த சீலிங் ஃபேன் ஒன்று, எல்லாவற்றிலும் அவள் கை பட்டது. சார் ஒருநாள் பொறுக்காமல், "நுவ்வு ஆடடானிக்கி வச்சாவா, ரிப்பேருக்கு வச்சாவா?" என்று கேட்டார். ஆட வந்தாயா, ரிப்பேர் செய்ய வந்தாயா என்று. "ரெண்டுக்கும் சார்" என்றாள், திருப்புளியைப் பல்லில் கடித்தபடி.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவளே ஒருமுறை சொன்னாள். சித்தூரில் அவர்களுடைய பழைய மிஷன் கோயிலில் காணிக்கை எடுக்க ஒரு நீளக் கோலும் அதன் முனையில் ஒரு வெல்வெட் பையும் இருந்தன. சின்ன வயதில் அதைப் பிடிக்க அவளை விட்டார்கள். முதல் வரிசையில் கோல் லேசாக இருக்கும். வரிசை வரிசையாகச் சில்லறை விழ விழ முனை இறங்கும்.

"பெரியவங்க எல்லாம் கோல முன்ன நீட்டி நீட்டி ஆட்டுவாங்கடா. அதான் கை நடுங்கும். நான் கைய முன்னாடி நவுத்திக்கினே போவேன். கோல ஆட்ட மாட்டேன். பை போவாது, நாமதான் ஜனங்ககிட்ட போவணும்."

"பீச்சாங்கையில புடிச்சியே, பாதிரி ஐயர் ஒண்ணும் சொல்லலியாக்கா?"

"சொன்னாரு. 'கர்த்தருக்கு எந்தக் கை குடுத்தாலும் ஒண்ணுதான், ஆனா கமிட்டிக்கு அப்படி இல்லம்மா'ன்னு சொன்னாரு."

ஆம், அவள் இடதுகைக்காரி. இது வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, பின்னால் வரும். சேபரின் தகடு ஒரு பக்கமாகப் பெருத்திருக்கும். வலதுகைக் கத்தியை இடதுகைக்காரர் பிடித்தால் முட்டி வெளியே தெரியும். ஆகவே அணியில் யாருடைய கத்தியும் அவளுக்கு ஆகாது. அவளிடம் சொந்தமாக இரண்டு இருந்தன. ஹாலில் எந்தக் காலத்திலோ வாங்கிய இடதுகைக் கத்தி ஒன்று ஆணியில் தொங்கியது. அதன் நல்ல கனமான குமிழை முதல் வருடம் கழற்றித் தன் கத்தியில் போட்டுக்கொண்டாள். இரண்டாம் வருடம் அதன் பிடியும் போயிற்று. பதிலுக்கு ஒரு சொத்தைப் பிளாஸ்டிக் பிடியும், காற்றுப்போல ஓர் அலுமினியக் குமிழும் அதற்குக் கிடைத்தன. பின்னால் கனமே இல்லாததால் முனை மண்ணைப் பார்த்துத் தொங்கியது. நாங்கள் அதை உலக்கை என்று கூப்பிட்டோம். ஆளில்லாத கத்தி என்பதால் யாரும் கேட்கவில்லை.

நான் பிச்சாட்டூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பையன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான்தான் முதல். நைனா கூலிக்குப் போவார், வேலை இல்லாத நாளில் ஏரியில் வீச்சுவலை வீசுவார். நான் வாள்வீச்சு அணியில் சேர்ந்ததை அவரிடம் சொன்னபோது, "கத்திச் சண்ட போடவாடா உன்ன அம்மாந்தூரம் அனுப்புனேன்?" என்று கேட்டார். யூனிவர்சிட்டியில் இதற்கு டிராக் சூட் தருகிறார்கள் என்றதும் சமாதானமானார்.

அந்தச் சமயத்தில் எல்லாரையும்விட ஒரு கண் சிமிட்டல் தாமதமாகவே என் வெட்டு போய்ச் சேர்ந்தது. அக்கா என் கத்தியை வாங்கி விரலில் வைத்துப் பார்த்தாள்.

"உன் கை சோம்பேறி இல்லடா. உன் கத்திதான் மூக்கத் தொங்கப் போட்டுக்கினு கீது. ஏன்டா, உங்க நைனா வலை வீசறாரு இல்ல? வலையோரத்துல ஈயமணி இருக்கும் இல்ல?"

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு அந்த வலையின் நாற்றம் என்றைக்குமே ஆகாது. சந்தோஷமாக ஒரு பக்கமிருந்து கை நிறைய அறுத்துக் கொடுத்தார்கள். கத்தியின் பிடிக்கும் அதன் உள்ளே போகிற இரும்புத் தண்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அக்கா அந்த மணிகளைப் போட்டாள். முதல் நாள் நான் கையை வீசியபோது உள்ளே கிலுகிலு என்றது. "ஏமிட்ரா ஆ சப்தம்? குழந்த பொம்மையா?" என்றார் சார். அன்று மாலையே அவள் இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து ஊற்றி, மணிகள் அசையாதபடி இறுக வைத்துவிட்டாள். கல் மாதிரி ஆகிவிட்டது. கத்தி கையில் உயிரோடு இருந்தது. அது பிடித்துப் போய்த் தன் இரண்டு கத்திகளுக்கும் அதே வைத்தியம் செய்துகொண்டாள்.

நைனாவிடமிருந்து போன் வந்தது. "வலை ஒரு பக்கமா மெதக்குதுடா. மீனுங்க கீழ பூந்து சிரிச்சிக்கினே போவுது. உங்கம்மா இன்னா பண்ணி வெச்சிருக்கா பாரு!"

இதைக் கேட்டு அக்கா சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. ஓரம் பேலன்ஸ் தப்பிய ஒரு வட்டம் எங்கேயோ தண்ணீரில் விழுந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பே அவளுக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்துவிட்டாள். ஏரிக்கரையில் வலையை வட்டமாக விரித்து, அதில் மீதியிருந்த மணிகளை இடம் விட்டு இடம் விட்டு வரிசையாகக் கட்டினாள். நைனா பீடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பற்றவைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கத்திச் சண்ட போடற பொண்ணா, வலை கட்டற பொண்ணா?"

"ரெண்டும் ஒண்ணுதான் நைனா. ஓரத்துல கனம் சரியா குந்தணும்."

என் நைனாவை அவளும் நைனா என்றே கூப்பிட்டாள். அவர் எழுந்து வலையை வீசினார். தட்டுப்போல விரிந்து விழுந்தது. ஆனால் மணி குறைந்துபோனதால் மெதுவாகத்தான் இறங்கியது. "சமமா பரவுது தாயி, ஆனா எறங்க நேரம் ஆவுது" என்றார். "கத்தி வேல முடியட்டும், மிச்ச மணிய திருப்பிக் குட்த்துடறேன்" என்றாள் அவள். அவள் போன பிறகு நைனா அம்மாவிடம், "இந்தப் பொண்ணு எங்க போனாலும் பொழைச்சிக்கும்" என்றார். அம்மா அறுத்துக் கொடுத்ததில் மிச்ச மணிகள் ஒரு துணிமுடிச்சில் என் பையில்தான் இருந்தன. வேண்டும்போது கேட்பாள், கொடுப்பேன்.

அவளிடம் எனக்குப் பயம் தந்த விஷயமும் ஒன்று இருந்தது. தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவளிடம் சில கிராம் காரணம் இருந்தது. தோற்றதும் முகமூடியைக் கழற்றுவாள், கத்தியை விரலில் வைப்பாள், "ம், அதான் பாத்தேன்" என்பாள். அவள் மணிக்கட்டு எங்கள் எல்லாருடையதையும்விட நுட்பமானது. தலையை வெட்டுவதுபோலக் காட்டி இடுப்பை வெட்டுவாள். அந்தப் பொய்வெட்டு மாநிலம் முழுக்கப் பிரசித்தம். கால்தான் நகராது. சார் தொண்டை கட்டும்வரை கத்துவார்: "கால்! கால்! கத்தி வதிலேய், கத்திய விட்டுடு, கால் நகர்த்து!"

கடைசி வருடம் மாநில அணிக்கான தேர்வு திருப்பதியிலேயே நடந்தது. முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அவள் பயிற்சியாளர் படிப்புக்குப் போகலாம், அவள் அப்பா சம்மதித்திருந்தார். வராவிட்டால் கங்காதர நெல்லூர்ப் பக்கத்தில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை தயாராக இருந்தது. "டப்பாவ எண்ணிக்கினு குந்தற வேல" என்றாள். வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது விரலில் எதையும் வைத்து நிறுத்தவில்லை, அதனால் அவளுக்கு அதில் மனமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

எடைதான் இப்போது கவலை. ஈயம் போட்ட கத்தி ஐந்நூறுக்குள் இருக்க வேண்டுமே. ஹாலில் தராசு இல்லை. கடைத்தெருவில் நகரிப் பக்கத்துத் தமிழ் பேசும் பூக்காரம்மா ஒருவரிடம் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. மதியம் கூட்டம் இருக்காது. வகுப்பு முடிந்ததும் நாங்கள் அங்கே போவோம்.

"தாயி, இது பூ நிறுக்கற தராசு. கத்திய வெச்சா மல்லிப்பூ வாங்க வர்றவங்க பயந்து ஓடிடுவாங்க."

"ஒரே நிமிஷம்க்கா."

"அந்தக் கையில குடுக்காத, சொல்லிக்கினே கீறேன் இல்ல!"

தட்டின் மேல் மடித்துப் போட்ட டர்க்கித் துண்டின் மீது கத்தி குறுக்காகக் கிடக்கும். எண் ஐந்நூறுக்கு மூன்று நான்கு கிராம் கீழே நிற்கும். அக்கா மூச்சு விடுவாள். இன்னும் ஒரு மணி போடலாமா என்று யோசிப்பாள். போடுவாள். பசை ஊற்றுவாள்.

தேர்வு நாள் காலையில் கருவிகளைச் சோதிக்கும் மேசையில் அவளுடைய முதல் கத்தியை வைத்தார்கள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவது, ஐந்நூற்றுப் பதினான்கு. சோதித்த மேடம் இரண்டையும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"மேடம், நேத்து நிறுத்தேன். நானூத்தி தொண்ணூத்தி ஏழு."

"எக்கட நிறுத்தாவு?"

"பூக்கடைலோ, மேடம்."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டென்று என் தோளில் ஓங்கி அடித்தாள்.

"துண்டுடா! ஈரத் துண்டு! பூ வாடாம இருக்க காலையில நனைச்சிப் போட்டு, அந்த ஈரத்தோட சேத்து ஜீரோ பண்றாங்க. மதியானம் காஞ்சிடுது. அதான் கம்மியா காட்டுது!"

கண்டுபிடித்த சந்தோஷத்தில் முகம் முழுக்கச் சிரிப்பு. அடுத்த நொடியில்தான் நிலைமை புரிந்தது. மணிகளை எடுக்க முடியாது, பசை கல்லாகிவிட்டது. வந்திருந்த பெண்களில் இடதுகைக்காரி அவள் ஒருத்திதான். என் கத்தி, அதுவும் எடை கூடித்தான் இருந்தது, என்னுடைய தேர்வு மறுநாள் என்பதால் வேறொரு வலதுகைக் கத்தியை இரவல் வாங்கித் தப்பித்தேன். சார் ஹாலின் மூலைக்குப் போனார், ஆணியிலிருந்து உலக்கையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். எடை தாராளமாக விதிக்குள் இருந்தது. இருக்காதா பின்னே. கனமான உறுப்பையெல்லாம் அவளே திருடியாயிற்று.

முதல் சுற்றில் உலக்கை அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. பொய்வெட்டுக் காட்டினாள். கத்தி அதையே மெய்யென்று நம்பிக்கொண்டு கீழே போய்விட்டது. ஒரே ஓர் ஆட்டத்தில் ஜெயித்து எப்படியோ அடுத்த சுற்றுக்குள் நுழைந்தாள். இனி தோற்றால் வெளியே. இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் நான்கு பேரில் ஒருத்தி.

எதிராளி விசாகப்பட்டினத்துப் பெண், நெட்டை. தொடங்கிய வேகத்தில் ஐந்து வெட்டு வாங்கினாள் அக்கா. நான் பையிலிருந்த துணிமுடிச்சைத் தடவிக்கொண்டிருந்தேன், அது எதற்கு உதவும் என்று தெரியாமலே. இடைவேளையில் அவள் வந்து தண்ணீர் குடித்தாள். உலக்கையை விரலில் வைத்துப் பார்த்தாள். வழக்கமாக விரலை வைக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் முன்னால்தான் நின்றது.

"காணிக்கப் பை" என்றாள்.

"இன்னாக்கா?"

"நெறைஞ்ச காணிக்கப் பைடா இது. ஆட்டக் கூடாது. நாமதான் போவணும்."

திரும்பிப் போனவள் பிடியில் கையை முன்னால் ஏற்றி, கட்டைவிரல் தகட்டை முட்டும்படி பிடித்தாள். அதன்பின் கத்தியை ஆட்டவே இல்லை. கால் நகர்ந்தது. மூன்று வருடம் சார் கத்தியும் நகராத அந்தக் கால், பின்னால், முன்னால், பின்னால், சின்னச் சின்ன அடியாக நகர்ந்தது. எதிராளியின் வெட்டு காற்றில் விழும், அவள் ஓர் அடி முன்னால் போவாள், உலக்கை தன் கனத்திலேயே இறங்கும். அலங்காரம் ஒன்றும் கிடையாது. சார் நாற்காலியின் மேல் ஏறி நின்றுவிட்டார்.

பதினான்குக்குப் பதினான்கு. இன்னும் ஒரு வெட்டு. விசாகப்பட்டினத்துப் பெண் பிரசித்தி பெற்ற அந்தப் பொய்வெட்டை எதிர்பார்த்து நின்றாள். தோள் அசைந்ததும் இடுப்பைக் காக்கக் கத்தியை இறக்கினாள். பாவம், அந்தக் கத்தியால் பொய் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியாது. உலக்கை நேராக வந்து முகமூடியின் உச்சியில் டொங்கென்று உட்கார்ந்தது. வெட்டு பட்டால் எரிகிற இரண்டு விளக்குகளில் ஒன்றுதான் எரிந்தது. எங்கள் பக்கத்து விளக்கு.

அடுத்த ஆட்டத்தில் படுதோல்வி. யாருக்கு வேண்டும் அது. சார், "செப்பானா லேதா? கால்!" என்று, சொன்னேனா இல்லையா என்று, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சாயங்காலம் பூக்காரம்மாவிடம் போய்த் துண்டு விஷயத்தைச் சொன்னோம். அவர் காய்ந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார், தராசைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்தார்.

"அப்போ இத்தினி நாளா மதியானத்துல ஊருக்கெல்லாம் கொசுறு போட்டுக்கினு இருந்தேனா? அதான் மதியானத்துக்குன்னே சில பேரு வந்தாங்களா!"

துண்டை நனைத்துப் பிழிந்து போட்டு, தராசை மறுபடி பூஜ்யமாக்கி, அக்காவுக்கு மல்லிப்பூ நிறுத்தார். வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் வந்தது. அக்கா அதைப் பார்த்து, "நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள். அந்தம்மா திட்டிக்கொண்டே ஒரு கைப்பிடி அள்ளி மேலே போட்டார். அன்றைக்கு மட்டும் இடதுகையில் வாங்கியதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

மாநில அணியின் பயிற்சி முகாமுக்குப் புறப்படுகிற நாளில் பஸ் நிலையத்தில் அவள் பையிலிருந்து உலக்கையின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அதே சொத்தைப் பிடி, அதே அலுமினியக் குமிழ். புதிதாக வாங்கிய கத்தி ஒன்றும் கூட இருந்தது. நான் துணிமுடிச்சை நீட்டினேன். உலக்கைக்குப் பின்னால் நான்கு மணி போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தோன்றியது.

அவள் உலக்கையை உருவி விரலில் வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கை பரபரத்தது எனக்குத் தெரிந்தது. பிறகு அதைப் பைக்குள் தள்ளிவிட்டு, துணிமுடிச்சோடு என் உள்ளங்கையை மூடினாள்.

"நைனாகிட்ட குட்த்துடு. வலை சட்டுனு எறங்கட்டும்."

பஸ்ஸில் ஏறியவள் படியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"டேய், தண்ணி பாட்டில எடது பக்கம் மாத்து. சாஞ்சிக்கினு நிக்கற."